அசனப் பந்தியில் எல்லாருக்கும் ஒரே வரிசை

கேள்வி: அன்புள்ள ஐயா, ஸ்தோத்திரம். தென் மாவட்டக் கிராமம் ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். இந்த வருஷம் எங்கள் சபைக் கமிட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறேன். சபையில் சுமார் 140 குடும்பங்கள். அதில் 20 குடும்பங்கள் கீழத்தெருவில் இருக்கும் தலித் கிறிஸ்தவர்கள். கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையில் சபையார் எல்லாருக்குமாக நடக்கும் விருந்தான அசனத்தில் அவர்கள் பந்தியில் உட்காருவதில்லை; பின்வாசலில் பாத்திரத்தில் வாங்கிப் போகிறார்கள். அவர்களிடம் பண்டிகை வரியும் வாங்குவதில்லை. நற்கருணைக்கு எல்லாரும் போன பிறகு கடைசியாக வருகிறார்கள். எங்கள் தெருப் பையன்கள் அறுபது வயதுப் பெரியவரைப் பேர் சொல்லி "ஏய்" என்று கூப்பிடுகிறார்கள். கேட்டால், "யாரையும் வரவேண்டாம்னு நாங்க சொல்லலியே" என்கிறார்கள் மூப்பர்கள். சபைப் போதகரான ஐயரிடம் சொன்னேன், "பண்டிகை முடியட்டும்மா" என்றார். பண்டிகைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நான் எங்கே தொடங்குவது? சபை பிளந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

யாரும் வாய்விட்டுத் தடுக்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். தடுக்கத் தேவையில்லாதபடி பழக்கம் அந்த வேலையைச் செய்து முடித்துவிட்டது. பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் எழுந்து போவார், அடுத்த வாரம் நடவுக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று தெரிந்தவர்தான் தூக்குவாளியோடு பின்வாசலுக்கு வருகிறார். அதை அவருடைய விருப்பம் என்று கமிட்டி எழுதிக்கொள்ளக் கூடாது.

யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை மூப்பர்களோடு உட்கார்ந்து வாசியுங்கள். அங்கே பேசப்படுவது ஆராதனைக்கு வருகிறவர்களை எங்கே உட்காரவைப்பது என்ற சங்கதி. மினுக்குள்ள வஸ்திரம் தரித்தவனிடம் "ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்" என்றும், தரித்திரனிடம் "நீ அங்கே நில்லு" என்றும் சொல்வதை யாக்கோபு பாவம் என்று 9ஆம் வசனத்தில் நேராகவே சொல்கிறார். கலாத்தியர் இரண்டாம் அதிகாரம் இன்னும் நெருக்கமானது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதரும் விலகினார்கள், பர்னபாவும் விலகினார். பேதுரு எந்த உபதேசத்தையும் மாற்றிப் போதிக்கவில்லை. சாப்பிடும் இடத்தை மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். அதைத்தான் பவுல், சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்ற நடை அல்ல என்று எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தார். அசனப் பந்தி சின்ன விஷயம், அதைப் பெரிதாக்காதீர்கள் என்று யாராவது சொன்னால் இந்த அதிகாரத்தைக் காட்டுங்கள்.

இனி, எங்கே தொடங்குவது. கமிட்டியில் அல்ல, கீழத்தெருவில். பெண்கள் சங்கத்திலிருந்து உங்களோடு ஒத்த மனமுள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். திண்ணையில் நின்று பேசாமல் உள்ளே போய் உட்காருங்கள். தருகிற காப்பியை வாங்கிக் குடியுங்கள். எது முதலில் மாறவேண்டும், அது மாறினால் உங்களுக்கு என்ன கெடுதல் வரும் என்று பயப்படுகிறீர்கள், இந்த இரண்டையும் கேளுங்கள். ஆண்கள் முன்னால் பெண்கள் சொல்லத் தயங்குவார்கள், அவர்களிடம் தனியே கேளுங்கள். நீங்கள் அசனத்தை நினைத்துக்கொண்டு போவீர்கள். அவர்களுக்குக் கல்லறைத் தோட்டம் பெரிய காயமாக இருக்கலாம், பிள்ளைகளைப் பாடகர் குழுவில் சேர்க்காதது அதைவிடப் பெரிதாக இருக்கலாம். அவர்கள் சொல்லும் வரிசைதான் உங்கள் வரிசை. இதைத் தவிர்த்துவிட்டுப் போராடப் போனால், உங்களுக்கு முறைப்புதான் கிடைக்கும், அவர்களுக்குக் கூலி போகும், கைமாற்று நின்றுபோகும், வரப்பு வழி அடைபடும். "முதல் பந்தியில் முதல் இலையில் நீங்கள் உட்காருங்கள், என்ன செய்கிறார்கள் பார்ப்போம்" என்று அவர்களை முன்னே தள்ளிவிடாதீர்கள்.

அவர்களும் அசனத்தைத்தான் சொன்னார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வரியிலிருந்து ஆரம்பியுங்கள். "பாவம், கஷ்டப்படுகிறவர்கள், அவர்களிடம் வரி வேண்டாம்" என்பது கேட்க இரக்கம் போல இருக்கும். ஆனால் நம் ஊர்களில் வரி கட்டுகிறவனுக்குத்தான் பண்டிகையில் பங்கும் பேச்சும். வரி வாங்காமல் விட்டால் அவர்கள் விருந்தாளிகூட இல்லை, தர்மம் வாங்க வந்தவர்கள் ஆகிவிடுகிறார்கள். ஆகவே தலைக்கட்டுக்கு ஒரே தொகை, எல்லாருக்கும் ஒரே ரசீதுப் புத்தகம், ஒரே வரிசை எண். கட்ட முடியாதவர்களுக்குத் தள்ளுபடி உண்டு என்றால் அது விதவை, நெடுநாள் நோயாளி, வேலை இழந்த குடும்பம் என்று நிலைமையைப் பார்த்து எந்தத் தெருவுக்கும் பொருந்தட்டும். மேலத்தெருவிலும் அப்படி இரண்டு மூன்று வீடுகள் இருக்கும். பெயர்களை மைக்கில் வாசிக்கவேண்டாம்.

அடுத்தது சமையலும் பரிமாறலும். பந்தியில் சேர்ந்து உட்காருவதைவிட, யார் கையில் கரண்டி இருக்கிறது என்பதுதான் எதிர்ப்பை அதிகம் கிளப்பும். 1850இல் சென்னை மிஷனெரிகள் மாநாடு சாதியைப் பற்றித் தீர்மானித்தபோது, ஒருவர் சாதியை விட்டுவிட்டார் என்பதற்குச் சோதனையாக வைத்தது இதைத்தான்: தலித் சமைத்ததைச் சாப்பிடுவாரா? நூற்றெழுபது வருஷம் கழிந்தும் அந்தச் சோதனை பழசாகவில்லை. அதனால் வேலைப் பட்டியலை முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். காய் நறுக்க, அரிசி களைய, சோறு வடிக்க, பரிமாற என்று ஒவ்வொன்றிலும் இரண்டு தெருப் பெயர்களும் கலந்திருக்கட்டும். கீழத்தெருவார் விறகு பிளக்கவும் இலை அள்ளவும் மட்டும், மற்றவர்கள் அடுப்படியிலும் பந்தியிலும் என்று பட்டியல் அமைந்தால் பழைய ஏற்பாடுதான் புதுத் தாளில் வந்திருக்கிறது. எச்சில் இலை எடுக்கும் வேலைக்குக் கமிட்டி உறுப்பினர்களின் பெயரை முதலில் போடுங்கள், உங்கள் பெயரையும் சேர்த்து. பரிமாறும்போது ஒரு வரிசைக்கு இரண்டு பேர், தெருவுக்கு ஒருவர். சோறும் சாம்பாரும் அவர்களுக்குள் மாறி மாறி வரட்டும். அப்போது இன்னார் கொண்டுவந்தால் வேண்டாம் என்று இலையை மூடுவதற்கு வழி குறையும்.

உட்காருவதற்கு டோக்கன் முறை நல்லது. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கோயில் வாசலில் ஒரு பெட்டி. குடும்பத்துக்கு ஒரு அட்டை, அதில் பந்தி எண். பெட்டிக்குள் நன்றாகக் குலுக்கிவிட்டால் யாருக்கு எந்தப் பந்தி என்று யாரும் தீர்மானிக்க முடியாது. தெருவாரியாக முன்னாலேயே வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தால் முறை கெட்டுவிடும், எச்சரிக்கை. 800 பேர் சாப்பிடுவார்கள் என்றால் 200 பேராக நான்கு பந்தி. கிலோவுக்கு எட்டுப் பேர் என்று வைத்தால் 100 கிலோ அரிசி. கறிக்குழம்பு இறங்கியதும், முதல் பந்தி உட்காருவதற்கு முன்பே, நான்கு அண்டாவாகச் சமமாகப் பிரித்து மூடிவையுங்கள். பெரும்பாலான அசனங்களில் இதைச் செய்வதில்லை. முதல் பந்திக்குக் கறி அள்ளி அள்ளி வைத்து, கடைசிப் பந்திக்கு எலும்பும் ரசமும் மிஞ்சும். கொரிந்து சபையில் ஒருவன் பசியாயிருக்க ஒருவன் வெறியாயிருந்ததும் இப்படித்தான். முந்தி வந்தவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள். ஐயரும் மூப்பர்களும் ஒரே பந்தியில் கூட்டமாக உட்காராமல் நான்கிலும் பிரிந்து உட்காரட்டும். வி.ஐ.பி. மேசை என்று தனியாகப் போடாதீர்கள். வெளியூரிலிருந்து வரும் நன்கொடையாளருக்கும் அதே டோக்கன்.

பின்வாசலைப் பூட்டிவிடுங்கள். வீட்டில் படுக்கையாக இருப்பவர்களுக்குப் பார்சல் வேண்டுமே என்றால், கடைசிப் பந்திக்குரிய அண்டாவிலிருந்து முதலிலேயே எடுத்துவைத்து, எல்லாத் தெருவுக்கும் ஒரே மாதிரி டப்பாவில், வாலிபர் சங்கத்தார் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

முதல் வருஷம் சில குடும்பங்கள் சாப்பிடாமல் போகும். கீழத்தெருவிலும் சிலர் பழைய பயத்தில் உட்காரமாட்டார்கள். இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். "இன்றுமுதல் நம் சபையில் சமத்துவ அசனம்" என்று அறிவிக்க வேண்டாம், பேனர் வேண்டாம், பந்தியில் உட்கார்ந்த கீழத்தெருவாரைப் படம் எடுத்து வாட்ஸப்பில் போடவே வேண்டாம். மற்ற எல்லாரும் சாதாரணமாகச் சாப்பிடும்போது தன் சாப்பாடு மட்டும் ஒரு சம்பவமாகப் பார்க்கப்படுவது அவமானம்தான்.

பையன்கள் பேர் சொல்லிக் கூப்பிடுவதைக் கடைசியில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது. பந்தி வருஷத்துக்கு ஒருநாள். இது தினமும் நடக்கிறது, தீர்மானம் போட்டு மாற்றவும் முடியாது. நம் பக்கத்தில் மரியாதை உறவுமுறைச் சொல்லில் இருக்கிறது. வயதுக்கேற்றபடி அண்ணாச்சி, மைனி, பெரியப்பா, ஆச்சி என்று ஊரெல்லாம் கூப்பிடுகிறோம். ஒரு தெருவுக்கு வந்ததும் அந்தச் சொற்கள் நின்றுபோகின்றன. ஓய்வுநாள் பள்ளியில் இதைத் தொடங்குங்கள். கீழத்தெருவில் ஒருவரை ஆசிரியராக வையுங்கள். "அக்கா" என்றோ "சார்" என்றோ கூப்பிட்டுப் பாடம் கேட்ட பிள்ளைக்கு அவருடைய அப்பாவை "ஏய்" என்று கூப்பிட நாக்கு எழாது. பெரியவர்களுக்குப் பிரசங்கம் வேண்டாம். கோயில் முற்றத்தில் நாலு பேர் நிற்கும்போது நீங்களே சத்தமாக, "வாங்க அண்ணாச்சி, மைனிக்கு உடம்பு தேவலையா?" என்று கேளுங்கள். பக்கத்தில் நிற்பவர் முகம் மாறும். அடுத்த ஞாயிறும் அப்படியே கேளுங்கள். அவர் உங்களை "அம்மா" என்று குனிந்து கூப்பிட்டால், "டீச்சர்னே சொல்லுங்க" என்று சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டுக்கு வந்தால் வராந்தாவில் நிற்கவைக்காமல் நாற்காலியும், நீங்கள் குடிக்கும் அதே டம்ளரும். அறிவிப்புகளிலும் கல்யாண ஓலை வாசிக்கும்போதும் துக்க அறிவிப்பிலும் திரு, திருமதி போடுவதாக இருந்தால் எல்லாருக்கும் போடவேண்டும். சபைச் செயலரிடம் இதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நற்கருணைக்கு ஒரு எளிய வழி உண்டு. வரிசை வரிசையாக, முன் பெஞ்சிலிருந்து எழுப்பி அனுப்ப ஒருவரை நிறுத்துங்கள். ஒரு மாதம் வலது பக்கம் முதலில், அடுத்த மாதம் இடது பக்கம், அதற்கடுத்த மாதம் பின்னாலிருந்து. யாரும் யாருக்காகவும் காத்துநிற்கத் தேவையிராது. கீழத்தெருவார் கடைசிப் பெஞ்சுகளிலேயே உட்காருகிறார்கள் என்றால் உங்கள் குடும்பம் அங்கே போய் உட்காரட்டும். அவர்களை முன்னால் வரச் சொல்வதைவிட அது சுலபம், நல்லதும்கூட. ஒரே பாத்திரமா, தோய்த்துக் கொடுப்பதா, சின்னக் கிண்ணமா என்று சுகாதாரத்தை வைத்து விவாதம் வரலாம். எந்த முறையானாலும் சரி, எல்லாருக்கும் அதுவே என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வசதிக்காக இரண்டாவது ஆராதனை என்று யாராவது கொண்டுவந்தால், அதற்கு யார் போகப்போகிறார்கள் என்று கேளுங்கள்.

கல்லறைத் தோட்டத்தில் இனிமேல் இறந்த தேதி வரிசைப்படி அடக்கம் என்று ஒரு வரைபடம் போட்டுவிட்டால் போதும். குடும்பக் கல்லறை என்ற பெயரில் பழைய ஒதுக்கம் திரும்பி நுழையும். ஏற்கெனவே கட்டப்பட்டதைத் திறந்து அடக்கம்பண்ணலாம், புதிதாக இடம் ஒதுக்கக் கூடாது என்று எழுதிவையுங்கள். சாவுமணி, சவவண்டி, பாடகர் குழு, ஐயர் வீட்டுக்கு வந்து ஜெபிப்பது எல்லாம் இரண்டு தெருவுக்கும் ஒன்றே.

மூப்பர்கள் சொல்லப்போகும் காரணங்களுக்கு வருவோம். முதலாவது, "மிஷனெரி காலத்திலேயே இருந்த வழக்கம், மெதுவாகத்தான் மாறும்." ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்திறங்கியது 1706இல். அன்றிலிருந்து 1833 வரை, நூறு வருஷத்துக்கும் மேலாக, மெதுவாக மாறும் என்றுதான் பெரும்பாலோர் விட்டுவைத்தார்கள். தானாக மாறவில்லை. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையை உடனடியாக, முற்றாக விட்டுவிட வேண்டும் என்று சபைகளுக்கு எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் ஆலயத்தை விட்டு வெளியேறினார்கள். அந்த வெளியேற்றத்தைக் காட்டித்தான் இன்றும் பயமுறுத்துகிறார்கள். என் கருத்தில் வில்சன் சொன்னது சரி. மேலேயிருந்து வந்த கடிதத்துக்குக் கீழே ஊரில் ஆள் தயாராக இல்லாததுதான் குறை. ஆகவேதான் உங்களிடம் பந்தி, வரி, டோக்கன் என்று இவ்வளவு விவரமாகப் பேசுகிறேன். கத்தோலிக்கரிடமும் இதே கதை உண்டு. திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளம் ஆலயத்துக்குள் சாதிகளைப் பிரிக்கக் கட்டியிருந்த தடுப்பை 1910இல் பங்குக் குருவானவர் கவுசானல் இடித்தார். அதைத் திரும்ப எழுப்பக் கேட்டு வழக்குப் போனது. சென்னை உயர்நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்கவில்லை.

இரண்டாவது காரணத்தைச் சபையில் சொல்லமாட்டார்கள், வீட்டுக்குள் சொல்வார்கள்: "இன்னிக்குப் பந்தி, நாளைக்குப் பொண்ணு கேப்பாக." உண்மையான பயம் இதுதான் என்பதால் இதற்கு நேராகவே பதில் சொல்லுங்கள். யாரும் யாருக்கும் பெண் கொடுக்க வேண்டும் என்று சபை கட்டாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் இரண்டு தெருப் பிள்ளைகள், வயது வந்தவர்கள், மனதார விரும்பி ஓலை வாசிக்கச் சொன்னால் சபை அதை மறுக்கவும் முடியாது. இந்த இரண்டாவது பாதியை விழுங்கிவிட்டு முதல் பாதியை மட்டும் சொல்லி ஓட்டு வாங்காதீர்கள். பின்னால் ஒரு பெண்ணின் உயிருக்கே அது ஆபத்தாகலாம்.

சபை பிளக்குமா? சிலர் ஒரு வருஷம் வேறு கோயிலுக்குப் போவார்கள், காணிக்கையை நிறுத்துவார்கள். பெரும்பாலும் திரும்பி வருவார்கள். பிள்ளைகளின் திடப்படுத்தல், கல்யாணம், கல்லறை எல்லாம் இங்கேதான் இருக்கிறது. 20 குடும்பங்கள் பின்வாசலில் நின்ற வருஷங்களிலும் சபை பிளந்துதான் இருந்தது. அது மேலத்தெருவுக்கு வலிக்கவில்லை.

சட்டத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், மிரட்ட அல்ல, பாதுகாப்புக்கு. அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. எந்த மதத்துக்கும் அதில் விலக்கு இல்லை. 1955ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில், அதே மதத்தவருக்குத் திறந்திருக்கும் வழிபாட்டிடத்தில் ஒருவரைத் தீண்டாமை காரணமாகத் தடுப்பது குற்றம். அதன் 7ஆவது பிரிவின்படி, தீண்டாமையைக் கடைப்பிடிக்க மறுத்தார் என்பதற்காகத் தன் சொந்தச் சமூகத்தாரையே ஒதுக்கிவைப்பதும் குற்றம். அது உங்களுக்கான பாதுகாப்பு. ஒன்றைக் கவனியுங்கள்: 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி தலித் கிறிஸ்தவர்கள் பட்டியல் சாதியினராகக் கணக்கிடப்படுவதில்லை, தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஆகவே பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கைகொடுக்கும் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் கத்தோலிக்கருக்குள் எழுந்த சாதி மோதல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து இரண்டு பேர் செத்தார்கள். கைகலப்பு வரும் வாசனை அடித்தால் அதே நாள் பேராயர் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள், காவல் நிலையத்துக்கும்.

ஐயர் "பண்டிகை முடியட்டும்" என்கிறார். பண்டிகைதான் பிரச்சினை, அது முடிந்தபின் பேச என்ன இருக்கிறது? ஆனால் அவரைக் கோழை என்று எண்ணிவிடாதீர்கள். மாற்றல், காணிக்கை, மூப்பர்களின் புகார்க் கடிதம் எல்லாம் அவர் தலைமேல் விழும். அவரிடம் பிரசங்கம் கேட்காதீர்கள். கூட்டத்துக்குத் தலைமை தாங்கித் தீர்மானத்தை வாக்குக்கு விடும்படி மட்டும் கேளுங்கள். அதற்கு முன் கமிட்டியில் இரண்டு மூன்று பேரைத் தனித்தனியே பார்த்துப் பேசி வைத்திருங்கள். கீழத்தெருவிலிருந்து கமிட்டியில் யாரும் இல்லையென்றால் இருவரைச் சிறப்பு அழைப்பாளராகக் கூப்பிடச் சொல்லுங்கள். தீர்மானத்தில் சாதிப் பெயர் எதுவும் வேண்டாம். இப்படி எழுதிக்கொடுக்கலாம்:

"இவ்வாண்டு பிரதிஷ்டைப் பண்டிகை வரி எல்லாத் தலைக்கட்டுக்கும் ஒரே தொகையாக வசூலித்து ரசீது தரப்படும். அசனத்தில் குடும்பத்துக்கு ஒரு டோக்கன் கோயில் வாசலில் எடுக்கப்பட்டு அதன்படியே பந்தி நடக்கும். சமையல், பரிமாறல், துப்புரவு வேலைகளுக்கு எல்லாத் தெருக்களிலிருந்தும் பெயர்கள் சேர்க்கப்படும். அசனம் முன்வாசல் வழியாக மட்டுமே வழங்கப்படும்."

கையெழுத்துப் போட்டு, தேதியிட்டு, ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்கு முன்பாகச் செயலரிடம் கொடுங்கள்.